கள்ளி பார்க்கப் போன நான்கு நாட்கள்

முதல் நாள், வியாழக்கிழமை

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குக் கள்ளி என்பது பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய பொருளே அல்ல. அது வேலி, ஆடு மாடு புகாமல் புஞ்சையைக் காக்கும் சுவர், வரப்புத் தகராறு வந்தால் பங்காளிகள் முதலில் வெட்டிச் சாய்க்கிற செடி. ஆகையால், கலிபோர்னியாவில் இருக்கும் என் மகள், ஆர்க்கேடியா நகரில் ஆகஸ்ட் மாதம் கள்ளிகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடக்கும் என்றும், அதற்கு ஏற்றபடி எனக்கு விமானச் சீட்டு எடுத்திருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னபோது சிரித்துவிட்டேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடியில் அறுபது தொட்டிகளில் நான் இந்தச் செடிகளைத்தான் வளர்த்து வருகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை.

கண்காட்சி நாளைதான் தொடங்குகிறது. தொட்டியில் பார்ப்பதற்கு முன் இவற்றை மண்ணில் பார்த்துவிட வேண்டும் என்று, இன்று காலை சான் மரினோவில் உள்ள ஹன்டிங்டன் பாலைவனத் தோட்டத்துக்குப் போனோம். ரயில்வேத் தொழிலில் பெரும் பணம் சேர்த்த ஹென்றி ஹன்டிங்டனின் பண்ணை இது. ஒரு சரிவில் வேறு எதுவும் சரியாக வளரவில்லை என்பதால் அங்கே கள்ளிகளை நடலாம் என்று தோட்டக் கண்காணிப்பாளர் வில்லியம் ஹெர்ட்ரிச் 1907 வாக்கில் கேட்டபோது, முதலாளி முகம் சுளித்தாராம். இருப்புப்பாதை போடும் காலத்தில் சப்பாத்திக்கள்ளியிடம் நன்றாகக் குத்து வாங்கியவர் அவர். அந்த ஒரு சரிவு இன்று 10 ஏக்கராக விரிந்து, 2,000க்கும் மேற்பட்ட இனங்களைத் தாங்கி நிற்கிறது.

நுழைந்ததுமே வழியை அடைத்துக்கொண்டு கிடப்பவை தங்கப் பீப்பாய்க் கள்ளிகள். பொங்கல் பானைகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் முள்ளால் சட்டை போட்டதுபோல நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு ‘மாமியார் மெத்தை’ என்று பொருள்படும் ஒரு பெயரும் உண்டு. எந்த நாட்டிலும் மாமியாருக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை போலும். இவற்றில் மூத்தவை நூறாண்டுக்கு முன் விதையிலிருந்து எழுப்பப்பட்டவை என்றும், ஆள் சேர்ந்து தூக்க முடியாத எடை கொண்டவை என்றும் தெரிந்துகொண்டேன். மெக்சிகோவில் இந்தக் கள்ளியின் சொந்த நிலத்தின் ஒரு பகுதி 1990களில் அணை கட்டியதால் நீருக்குள் போய்விட்டது. உலகெங்கும் நர்சரிகளில் கோடிக்கணக்கில் விற்கும் செடி, தன் ஊரில் அழியும் நிலையில் இருக்கிறது.

தோட்டத்தின் ஆப்பிரிக்கப் பகுதியில் ஓர் இடத்தில் என் கால் தானாக நின்றது. ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, நான்கு பட்டை வைத்து, ஓரமெல்லாம் இரட்டை முள்ளோடு நின்ற அந்தச் செடியை எங்கள் ஊர்ச் சதுரக்கள்ளி என்றே நினைத்தேன். பலகையைப் படித்த பிறகுதான், அது அதே யூஃபோர்பியா பேரினத்தில் வேறோர் இனம், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று தெரிந்தது. பாதைக்கு மறுபுறம் ஏறக்குறைய அதே உருவில் மெக்சிகோவின் தூண் கள்ளி ஒன்று. இரண்டையும் எங்கள் ஊரில் கள்ளி என்றுதான் சொல்வோம். தாவரவியலாரோ இவற்றை வெவ்வேறு குடும்பங்களில், மிகவும் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். தூண் கள்ளி காக்டேசி குடும்பம், மற்றது ஆமணக்கும் மரவள்ளியும் சேர்ந்த குடும்பம். தண்ணீர் இல்லாத இரண்டு கண்டங்களில் இரண்டு வம்சங்கள், ஒன்றையொன்று பாராமலே ஒரே வேடத்தைப் போட்டிருக்கின்றன. இந்த எண்ணம் திரும்பி வரும் வழியெல்லாம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

ஆர்க்கேடியாவில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத் தாவரத் தோட்டத்தின் வாகன நிறுத்தத்தில் இறங்கியதும் என்னை வரவேற்றது மயில் அகவும் ஓசை. முதலில் காதை நம்பவில்லை. பிறகு புல்தரையில் ஏழெட்டு மயில்கள் அலட்சியமாக நடந்து போவதைக் கண்டேன். இந்த நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்த பால்ட்வின் என்ற செல்வந்தர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வரவழைத்த மயில்களின் வழிவந்தவை இவை. இன்று ஊர் முழுக்கக் கூரைகளில் ஏறித் திரிகின்றன. கழுகுமலையிலும் இப்படித்தான்.

சுற்றுவட்டாரக் கள்ளிச் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் இந்தக் கண்காட்சிக்கு ‘இன்டர்சிட்டி’ என்று பெயர். வெள்ளைத் துணி விரித்த நீள மேசைகள். அவற்றின் மேல் ஒரு செடிக்கு ஒரு தொட்டி. ஒவ்வொன்றின் அருகிலும் பெயர் எழுதிய சீட்டு. புதிதாக வளர்ப்பவர், ஓரளவு தேர்ந்தவர், கைதேர்ந்தவர் என்று போட்டியாளர்களை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பேரினத்துக்கும் தனித்தனியாக ரிப்பன் கொடுக்கிறார்கள். செடியின் ஆரோக்கியத்தோடு, அது நிற்கும் தொட்டி, மண்ணின் மேல் பரப்பிய கூழாங்கல், சீட்டில் உள்ள பெயர் சரியா என்பது வரை நடுவர்கள் பார்க்கிறார்கள். வரலட்சுமி விரதத்துக்குக் கலசம் அலங்கரிப்பதைப் போன்ற கவனத்துடன் ஒருவர் சின்னத் தூரிகையால் ஒரு செடியின் மேல் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மம்மிலேரியா வரிசையில் என் முதல் மணி நேரம் போயிற்று. உருண்டைமேல் காம்புகள் சுருள் சுருளாகச் சுற்றி ஏறும் கள்ளி வகை அது. இடப்பக்கம் திரும்பும் சுருள்களை எண்ணினால் 13, வலப்பக்கம் திரும்புபவை 21. அடுத்த தொட்டியில் 8, 13. பள்ளிக் கணக்கில் படித்த ஃபிபொனாச்சி வரிசை. ஒவ்வொரு புதுக் காம்பும் முந்தியவற்றுக்கு இடையில் கிடைக்கிற பெரிய இடைவெளியில் முளைப்பதால், கணக்கு தானே இப்படி அமைந்துவிடுகிறது. முள்ளெல்லாம் கோழித்தூவலாக மாறிப்போன மம்மிலேரியா ப்ளுமோசா ஒன்று, இட்லித் தட்டு அகலத்துக்குப் படர்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. தலையிலிருந்து நீர் ஊற்றினால் அந்தத் தூவல் பழுத்துவிடும் என்று என் மாடியில் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால், அந்த வெண்மைக்குப் பின்னால் உள்ள ஒழுக்கத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

கோபியாபோவா மேசை வேறு விதமானது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், மழை என்பதே அரிதான கடற்கரையோரத்தில், பசிபிக்கிலிருந்து வரும் பனிமூட்டத்தைக் குடித்து வாழும் இந்தக் கள்ளிகள் வெயிலைத் தடுக்க மேனியெங்கும் வெள்ளை மெழுகைப் பூசிக்கொள்கின்றன. சுண்ணாம்பு அடித்த அடுப்புக் கட்டியின் நிறம். காட்டில் எடுத்த செடியைக் கண்டுபிடிக்க அந்த மெழுகும் அடித்தண்டின் கறுத்த வடுக்களும் போதும் என்கிறார்கள் தேர்ந்தவர்கள். 2020இல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளரிடம் இப்படிக் களவாக வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலிக் கள்ளிகளைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை விமானத்தில் சொந்த நாட்டுக்குத் திரும்பின. இந்த அரங்கில் வைத்திருந்தவை விதையில் வந்தவை என்று சீட்டுகளில் எழுதியிருந்தார்கள். அதை எழுத வேண்டியிருப்பதே இன்றைய நிலவரத்தைச் சொல்கிறது.

நான் தேடி வந்த மேசை அரங்கின் நடுவில் இருந்தது. கள்ளிப் பிரிவின் கடைசியில் அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டேரியாஸ். அதற்கு எதிரே, மற்ற சதைச்செடிகளின் பிரிவு தொடங்கும் இடத்தில் யூஃபோர்பியா ஒபீசா. முன்னது டெக்சாஸ், மெக்சிகோ; பின்னது தென்னாப்பிரிக்காவின் கரூ. இரண்டுமே முள்ளில்லாத, எட்டுப் பகுப்பாகக் கீறிய உருண்டைகள்; சிறு பந்தை அமுக்கி வைத்தாற்போன்ற ஒரே வடிவம். சீட்டை மறைத்துவிட்டுக் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இரண்டும் ஒன்றே என்பார்கள். என் மகளும் அப்படித்தான் சொன்னாள். “கிட்டப் பாரும்மா, அந்தக் கீறலுக்கு நடுவில் பஞ்சுப்பொட்டு இருக்கா?” என்று கேட்டேன். அமெரிக்கக் கள்ளிக் குடும்பத்தின் அடையாளமே அந்தப் பொட்டுதான்: முள்ளும் பூவும் கிளையும் அதிலிருந்துதான் வரும். ஒபீசாவில் அது கிடையாது. அதற்குப் பதில், கீறினால் பால் வரும். பொட்டுக்கும் பாலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கடலும் பல கோடி ஆண்டுகளும் இருக்கின்றன. ஒபீசாவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்து எழுதிய சில ஆண்டுகளிலேயே சேகரிப்பாளர்கள் அதன் நிலத்தைச் சுரண்டித் தீர்த்துவிட்டார்கள். இப்போது அது பிழைத்திருப்பதற்கு இது போன்ற மேசைகளும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால், விதை வேண்டுமென்றால் இரண்டு தொட்டி வைத்திருக்க வேண்டும்.

ஆஸ்டேரியாஸ் வரிசையில் முதல் ரிப்பன் வாங்கியது ஜப்பானியர்கள் வளர்த்தெடுத்த ‘சூப்பர் கபூட்டோ’ வகை. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் நெருங்கிக் கோலமிட்டுப் பச்சையையே மறைத்துவிட்டன. அழகுதான், எனக்கு என்னவோ அதற்குப் பக்கத்தில், ரிப்பன் இல்லாமல், அடிப்பக்கம் மரப்பட்டையாகி, பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்த பழைய உருண்டையின் மேல்தான் ஆசை வந்தது. வறட்சியில் மண்ணுக்குள் சுருங்கி இறங்கிக்கொள்வதுதான் அதன் இயல்பு. அதன் தொட்டியும் சாதாரணச் சுட்ட மண் தொட்டி. விலையுயர்ந்த பீங்கான் தொட்டியில் செடியைவிடத் தொட்டி முன்னால் வந்து நிற்கிற காட்சிகள் இங்கே குறைவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை

நேற்று பார்க்காமல் விட்ட பருத்த அடித்தண்டுச் செடிகளை இன்று பார்த்தேன். நம்மூர் மாடிகளில் இப்போது வீட்டுக்கு வீடு அடீனியம் இருப்பதால் இந்த வகை நமக்குப் புதிதல்ல. ஆனால் மடகாஸ்கரின் பாக்கிபோடியம் ப்ரெவிகாலேயைப் பார்த்தபோது, யாரோ சேனைக்கிழங்கைத் தொட்டியில் வைத்துவிட்டு நர்சரிக்காரரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றியது. அதன் அருகில் தென்னாப்பிரிக்காவின் ‘யானைக்கால்’: பாதி மண்ணுக்கு மேல் எழும்பிய கிழங்கு, ஆமையோடு போலக் கட்டம் கட்டமாக வெடித்து, உச்சியிலிருந்து நூல் போன்ற ஒரு கொடி அப்போதுதான் துளிர்த்திருந்தது. இது டயஸ்கோரியா, அதாவது நம் பெருவள்ளிக்கிழங்கின் இனம். வள்ளிக்கிழங்குக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று ஊரில் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கல்செடிகளான லித்தாப்ஸை விட்டுவிட்டுப் போக மனமில்லை. 1811இல் தென்னாப்பிரிக்காவில் பயணம் செய்த வில்லியம் பர்ச்செல் விசித்திரமான கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்தபோதுதான் இந்தச் செடி அறிவியல் உலகின் கண்ணில் பட்டது. மொத்தமே இரண்டு இலை. அவற்றின் தலைப்பரப்பு மங்கலான கண்ணாடி போல வெளிச்சத்தை உள்ளே விடும். ஆண்டுக்கொரு முறை புது இலை இரண்டு நடுவிலிருந்து பிளந்து வரும்போது, பழையவை தங்கள் நீரையெல்லாம் அவற்றுக்குக் கொடுத்துவிட்டுக் காகிதமாகிவிடும். அந்தச் சமயத்தில் வளர்ப்பவர் இரக்கப்பட்டு நீர் ஊற்றினால் செடி அழுகிவிடும். கொண்டைபோல் மடிந்து வளரும் வகைகளையும், கழுத்தை வெட்டி ஒட்டிய சிவப்பு மஞ்சள் உருண்டைகளையும் வேகமாகக் கடந்துவிட்டேன். பச்சையமே இல்லாத ஒரு தலையை டிராகன் பழக் கொடியின் மேல் ஒட்டி, அது வாழும் வரைக்கும் வாழட்டும் என்று விற்பதில் எனக்கு உவப்பில்லை.

விற்பனைப் பந்தலில்தான் இந்தப் பயணத்தின் வேடிக்கை நடந்தது. செடி எதுவும் நான் வாங்க முடியாது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் உள்ளது. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதியும், நோயற்ற செடி என்ற சான்றும், நம் நாட்டு இறக்குமதி அனுமதியும் வேண்டும். ஆகவே தீபாவளிக் கடைத்தெருவில் காசில்லாமல் நடக்கும் சிறுவன்போல நடந்துகொண்டிருந்தேன். அப்போது மகள் ஒரு தொட்டியிலிருந்த சீட்டைப் பார்த்து, “அப்பா, இது நம்ம பேர் மாதிரி இருக்கே?” என்றாள். இலையில்லாமல், பென்சில் பருமனில், நுனியெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாகச் செடி முழுவதும் தீப்பற்றியது போல இருந்தது. ‘ஸ்டிக்ஸ் ஆன் ஃபயர்’ என்பது கடைப்பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் தாவரப்பெயர்: யூஃபோர்பியா திருகள்ளி.

எங்கள் வீட்டுக் கொல்லையின் திருகுகள்ளி! 17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு, மலபார்ப் பகுதியின் செடிகளை வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்ட ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ நூலில் இது ‘திருகள்ளி’ என்றே இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து லத்தீன் பெயரோடு சேர்த்துவிட்டார். செடி ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது, பெயரோ மலையாளக் கரையிலிருந்து போனது, சிவப்பு வகை கலிபோர்னியாவின் சாலையோரங்களில் நிற்கிறது. விற்றுக்கொண்டிருந்த பெண்மணி, கண்ணில் பால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார். என் பாட்டி சொன்ன அதே வாக்கியம். கள்ளிப்பால் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் உள்ள இன்னோர் இருண்ட பொருளை அந்த இடத்தில் நானும் எடுக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை. இருவருக்கும் அது நினைவுக்கு வந்தது என்பது மட்டும் தெரியும்.

அங்கே நின்றபடிதான் நேற்று முன்தினம் முதல் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று தெளிந்தது. பால் வடியும் செடிக்கும் பால் இல்லாத செடிக்கும் ஒரே பெயர் வைத்தது தமிழின் கவனக்குறைவு என்று நான் நினைத்திருந்தேன். மழைக்காட்டு மரக்கொம்புகளில் தொற்றி வளரும் ரிப்சாலிஸ் ஒன்றைத் தவிர, காக்டேசி முழுவதும் அமெரிக்காவுக்கே உரியது. ஆகவே நம் பழம்பாடல்களின் பாலை நிலத்தில் நிற்கும் கள்ளி, யூஃபோர்பியாவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் கப்பலில் வந்த அமெரிக்கச் செடிக்கு மக்கள் புதுச்சொல் தேடாமல் சப்பாத்திக்கள்ளி என்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகவே இந்தக் கள்ளிக்கு ஒரு தோட்டம் போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. தென் மாவட்டங்களில் சப்பாத்திக்கள்ளி காடாக மண்டிக் கிடந்ததை, 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட இன்னொரு சாயப்பூச்சி இனம்தான் தின்று ஒடுக்கியது. நான் சிறுவனாகி அதன் பழத்தைத் தின்று வாய் சிவந்து, நாக்கில் பொடிமுள் ஏறி அழுதது அந்த மிச்சத்தில்தான். இவற்றோடு மூன்றாவதாக ரணகள்ளியும் உண்டு. அது பாலும் வடிக்காது, முள்ளும் கிடையாது. மடகாஸ்கரிலிருந்து வந்த வேறொரு குடும்பம். அதையும் நாம் கள்ளி என்றோம். குடும்பம் பார்த்து வைத்த பெயரல்ல இது. உடம்பில் நீரைச் சேர்த்துக்கொண்டு வறட்சியைத் தாண்டும் பிழைப்பைப் பார்த்து வைத்த பெயர். இங்கே ‘சக்குலன்ட்’ என்று சொல்வதும் அதையேதான்.

மகள் திருகுகள்ளியை வேண்டாம் என்றாள், குழந்தை இருக்கிற வீடு என்று. அடுத்த கடையில் ஐந்து டாலருக்கு ஒரு ரணகள்ளித் தொட்டி இருந்தது. அதை வாங்கச் சொன்னேன். காரணத்தை நாளை காலை சொல்வதாகவும் சொன்னேன்.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை

கள்ளிகள் பகலில் மூச்சை அடைத்துக்கொண்டு இரவில் இலைத்துளைகளைத் திறக்கும். அப்போது உள்ளே வந்த கரியமிலவாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் துளைகளை மூடிக்கொண்டு வெயிலில் சமைக்கும். இதன் முதல் தடயத்தைப் பிடித்தவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். அவர் கருவி எதுவும் வைத்துக் கண்டுபிடிக்கவில்லை, நாக்கை வைத்துக் கண்டுபிடித்தார். தோட்டத்து ரணகள்ளி இலை காலையில் புளியாரையைப் போலப் புளிப்பதையும், நடுப்பகலில் சுவையற்றுப் போவதையும், மாலையில் லேசாகக் கசப்பதையும் கவனித்து 1813இல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார்.

காலை ஆறு மணிக்கு, வெயில் மேசையைத் தொடுவதற்கு முன், இலையின் ஓரத்தில் நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டேன். “அப்பா, எதுக்கு இந்த வேலை?” என்று மகள் சமையலறையிலிருந்தே கத்தினாள். மாங்காய்ப் பிஞ்சுப் புளிப்பு இல்லை. அதற்கும் கீழே, தெளிவாகத் தெரிகிற புளிப்பு. அவளிடம் ஒரு துணுக்கை நீட்டினேன். தயங்கி, கடித்து, முகத்தைச் சுருக்கினாள். தொட்டியைச் சன்னலோரம் வெயிலில் நகர்த்தி வைத்துவிட்டு, தோசைக்கு உட்கார்ந்தோம்.

ஒரு மணிக்கு மறுபடியும் கிள்ளினோம். வெறும் பச்சிலை. பேத்திக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று அடம் பிடித்தாள், கொடுக்கவில்லை. மாலைச் சுவையைப் பார்ப்பதற்குள் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. ஏழு மணிக்கு வாசலில் வரிசையில் நின்றபோது மகளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: “லேசா கசக்குதுப்பா.”